ரயிலைப் பிடித்தவனும் தவறவிட்டவனும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மனித வாழ்வை நடத்துவது விதியா, மதியா? பட்டிமன்ற மேடைகளில் இக்கேள்வி எழுவதையும், நடுவரின் தீர்ப்போடு கைதட்டலில் அடங்கிவிடுவதையும் நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். வள்ளுவப் பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பின்னர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் அவ்விரண்டுக்கும் நடுவே மனிதன் எங்கே நிற்கிறான் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. அக்கேள்வியை என் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கச் செய்தவர் ஒரு திரைப்பட இயக்குநர். போலந்து நாட்டவர். பெயர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி. 1941-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர்.

அவரை நான் அறிந்துகொண்டதே ஒரு தற்செயல்தான். சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஒன்றில், பேருந்து நிறுத்தம்வரை போக வழியின்றி நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஒதுங்கினேன். ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் பத்துப் பதினைந்து மாணவர்களுக்கு ஒரு படம் காட்டிக்கொண்டிருந்தார். மழை விட்டதும் போய்விடலாம் என்று கடைசி வரிசையில் அமர்ந்தேன். மழை எப்போது விட்டதென்று எனக்குத் தெரியாது. படம் முடிந்து விளக்கு எரிந்தபோதுதான் நான் இருக்குமிடமே நினைவுக்கு வந்தது. அன்று தொடங்கி அம்மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கிடைத்த படங்களையெல்லாம் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை. இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை முடிவில் சொல்கிறேன்.

கூரை மேல் ஒரு சிறுவன்

கீஸ்லோவ்ஸ்கி பிறந்தது வார்சா நகரில், 1941 ஜூன் 27 அன்று. அப்போது போலந்து ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. தந்தை பொறியாளர், ஆனால் காசநோயாளி. மருத்துவமனை எங்கே உண்டோ அங்கே தந்தை போவார். தந்தை போகுமிடத்துக்குக் குடும்பமும் போகும். ஓர் ஊரில் வேர்விடுமுன்னே மூட்டை கட்டுவது அச்சிறுவனின் இளமைக்காலம் முழுவதும் வழக்கமாயிற்று. எந்தப் பள்ளியில் படிப்பது, யாரோடு விளையாடுவது என்பதையெல்லாம் தந்தையின் நுரையீரலே தீர்மானித்தது என்றால் மிகையாகாது.

அவ்வாறு அவர்கள் தங்கிய ஊர்களுள் ஒன்று சொகோவோவ்ஸ்கோ. போலந்தின் தென்மேற்கு மூலையில், மலைகளுக்கிடையே, காசநோய் மருத்துவமனையைச் சுற்றி எழுந்த சிற்றூர் அது. அங்கிருந்த பொதுமன்றத்தில் எப்போதாவது திரைப்படம் காட்டுவார்கள். சிறுவர்களிடம் நுழைவுச்சீட்டு வாங்கக் காசில்லை. எனவே அவர்கள் கட்டடத்தின் கூரைமேல் ஏறி, காற்றுப்போக்கி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். முழுத்திரையும் தெரியாது, ஒரு மூலை மட்டுமே தெரியும். கதாநாயகன் நின்றால் அவன் கால் தெரியும். படுத்தால் ஒருவேளை தலையோ கையோ தெரியலாம். மீதிக் கதையை அவர்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களைப் பார்க்கும்போது இந்தக் கூரை என் நினைவுக்கு வருவதுண்டு. மனிதனுக்குத் தன் வாழ்வின் ஒரு மூலையே தெரிகிறது, முழுத்திரையும் தெரிவதில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது இதைத்தான்.

பதினாறாம் வயதில் அவருக்குப் படிப்பில் நாட்டமில்லை. தந்தை சினம் கொள்ளவில்லை. தீயணைப்போர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து பார் என்றார். மகன் வ்ரோத்ஸ்வாவ் நகருக்குச் சென்று சேர்ந்தான். சீருடையும் ஊதுகுழலும் கட்டளையும் தனக்கு ஒத்துவராது என்பது மூன்றே மாதங்களில் விளங்கிவிட்டது. எப்படியாவது படிக்கவேண்டும் என்று திரும்பி வந்தான். தந்தை எதிர்பார்த்ததும் அதுவே. மகனைத் தடுத்து வெல்ல முடியாததை, விட்டுப் பிடித்து வென்றார் அத்தந்தை. அவர் தம் நாற்பதுகளிலேயே மறைந்தார்.

அடுத்தது இன்னும் விந்தையானது. வார்சாவில் நாடகத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் தலைவர் தூரத்து உறவினர் என்ற ஒரே காரணத்தால், 1957-இல் அங்கே சேர்ந்தார். அந்த உறவினர் வங்கிப் பள்ளி ஒன்றை நடத்தியிருந்தால் தாம் ஒரு வங்கி அலுவலராகியிருக்கக் கூடும் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இயக்குநர் ஒருவர் கலையுலகில் காலடி வைத்த கதை இவ்வளவுதான். இதில் கனவு இல்லை, தவம் இல்லை, ஓர் உறவினர் இருந்தார், அவ்வளவே.

மூன்று முறை தட்டிய கதவு

நாடகத்தின் மேடைப் பின்புறத்தைக் கண்டவுடன் அவருக்கு நாடக இயக்குநராகும் ஆசை பிறந்தது. அதற்கு முதலில் வேறொரு பட்டப்படிப்பு வேண்டும் என்பது அக்கால விதி. அந்தப் படிக்கல்லாகவே வூச் நகரத் திரைப்படக் கல்லூரியை எண்ணினார். நுழைவுத் தேர்வு எழுதினார், தேறவில்லை. மறு ஆண்டும் எழுதினார், தேறவில்லை. இடையே நாடக அரங்கில் நடிகர்களுக்கு உடை அணிவிக்கும் பணியாளாக வேலை பார்த்தார். அவர் கால்சட்டையை எடுத்துக் கொடுத்த நடிகர்கள் போலந்தின் புகழ்பெற்ற கலைஞர்கள்.

இரண்டாம் முறை தோற்றபோது நிகழ்ந்த ஒன்றை அவர் மறக்கவேயில்லை. வார்சாவில், மழையில், தாயைச் சந்தித்துத் தோல்விச் செய்தியைச் சொன்னார். தாய் ஏசவில்லை, வருந்தினார். ஒருவேளை தன் மகன் அதற்குத் தகுதியற்றவனோ என்ற ஐயம் அந்த வருத்தத்தில் இருந்தது. அந்தக் கணத்தில்தான், என்ன ஆனாலும் அக்கல்லூரியில் சேர்ந்தே தீருவது என்று அவர் முடிவு செய்தார். இத்தனைக்கும் நாடக ஆசை அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. திரைப்பட ஆசையோ இன்னும் முளைக்கவில்லை. மிஞ்சியிருந்தது ஒரு வைராக்கியம் மட்டுமே. 1964-இல் மூன்றாம் முறை கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். உறவினர் இருந்தது தற்செயல். பட்டப்படிப்பு விதி அப்படி அமைந்தது தற்செயல். இரு முறை தோற்றதிலும் தற்செயலுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் மூன்றாம் முறை விண்ணப்பம் எழுதிய கை யாருடையது?

கேமராவை இடப்புறம் திருப்பியிருந்தால்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் அவர் எடுத்தவை கதைப்படங்கள் அல்ல, ஆவணப்படங்கள். தொழிற்சாலை, மருத்துவமனை, காவலாளி, நடன வகுப்பு என்று நாட்டின் அன்றாட வாழ்வையே படமாக்கினார். அன்றைய போலந்து பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சியில் இருந்தது. செய்தித்தாளில் ஒரு நாடு. தெருவில் வேறொரு நாடு. உள்ளதை உள்ளபடி காட்டுவதே அன்று பெரிய துணிவு.

1980-இல் வார்சா மத்திய ரயில் நிலையத்தை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். இரவில், காத்திருக்கும் பயணிகளின் முகங்களை அவர்கள் அறியாமலே படம்பிடித்தார். திடீரென்று காவல்துறை வந்து படச்சுருள்களையெல்லாம் எடுத்துச் சென்றது. காரணம் அவருக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: தாயைக் கொன்றுவிட்டு உடலை ரயில் நிலையப் பெட்டகங்களில் ஒளித்த ஒரு பெண்ணைக் காவலர்கள் தேடிக்கொண்டிருந்தனர். அவள் அச்சுருள்களில் பதிவாகியிருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அவள் பதிவாகவில்லை. சுருள்கள் திரும்பி வந்தன.

வேறொருவராயின் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். கீஸ்லோவ்ஸ்கியால் அது இயலவில்லை. அந்த இரவில் கேமராவை வலப்புறம் திருப்பாமல் இடப்புறம் திருப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அப்பெண் சிக்கியிருப்பாள், தாமறியாமலே தாம் காவல்துறையின் உளவாளி ஆகியிருப்போம். குற்றவாளி பிடிபடுவது நல்லதா தீயதா என்பதன்று அவருடைய கேள்வி. தம் விருப்பம் எதுவுமின்றித் தாம் ஒருவருடைய கருவியாகியிருக்கக்கூடும் என்பதே அவரை உலுக்கியது. உண்மை மனிதர்களின் வாழ்வில் கேமராவோடு நுழையும் உரிமை தமக்கு உண்டா என்ற ஐயம் அவரிடம் ஏற்கெனவே வளர்ந்துவந்தது. இந்நிகழ்ச்சிக்குப்பின் ஆவணப்படத்தை ஏறக்குறைய விட்டேவிட்டார். நடிகர்களைக் கொண்ட கதைப்படமே தம் வழி என்று தேர்ந்தார்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1979-இல், 'அமெச்சூர்' என்ற படத்தில் இதே அச்சத்தை அவர் கதையாக்கியிருந்தார். தொழிலாளி ஒருவன் பிறக்கப்போகும் குழந்தையைப் படமெடுக்க ஒரு சிறு கேமரா வாங்குகிறான். குழந்தையிலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து ஊருக்கும் அவன் கேமரா திரும்புகிறது. நல்லெண்ணத்தோடு அவன் எடுத்த படத்தால் நல்லவர் ஒருவர் வேலை இழக்கிறார். முடிவில் அவன் கேமராவைத் தன்னை நோக்கியே திருப்புகிறான். மாஸ்கோ திரைப்பட விழாவில் பெரும்பரிசு பெற்ற படம் அது.

ஒரே இளைஞன், மூன்று வாழ்வு

மழைநாளில் நான் பார்த்த படம் 1981-இல் அவர் எடுத்தது. போலந்து மொழியில் அதன் பெயருக்குத் 'தற்செயல்' என்றே பொருள். ஆங்கிலத்தில் 'குருட்டுத் தற்செயல்' என்று பொருள்படும் பெயரில் வழங்குகிறது.

கதைத்தலைவன் வித்தேக், மருத்துவ மாணவன். தந்தை இறக்கிறார். மகனுக்கு அவர் விட்டுச்செல்லும் கடைசிச் செய்தி, நீ எதற்கும் கட்டுப்பட்டவனல்லன் என்ற பொருளுடையது. அதுவரை தந்தைக்காகப் படித்தவனுக்கு இப்போது எதற்காகப் படிப்பது என்று தெரியவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வார்சா செல்ல ரயில் நிலையத்துக்கு ஓடுகிறான். வண்டி புறப்பட்டுவிட்டது. வழியில் ஒரு பெண்மீது மோதுகிறான். அவள் கையிலிருந்த நாணயம் உருண்டோடுகிறது. குடிகாரன் ஒருவன் அதை எடுத்துப் பீர் வாங்குகிறான். அவனைச் சுற்றிக்கொண்டு ஓடுவதில் ஏற்படும் ஒரு நொடி, அரை நொடி வேறுபாட்டில் மூன்று வாழ்வுகள் பிரிகின்றன.

முதல் வாழ்வில் அவன் வண்டியைப் பிடிக்கிறான். பெட்டியில் ஒரு பழைய பொதுவுடைமைத் தொண்டரைச் சந்திக்கிறான். அவர் வழியே கட்சியில் சேர்கிறான். தான் நேசித்த பெண் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவள். அவள் கைதானதும் காதல் முறிகிறது. இரண்டாம் வாழ்வில் வண்டி தவறுகிறது. நிலையக் காவலன் தடுக்க, கைகலப்பு நேர்கிறது, தண்டனையாகப் பொதுவேலை. அங்கே எதிர்ப்பியக்கத்தார் ஒருவரைச் சந்திக்கிறான். தடைசெய்யப்பட்ட நூல்களை அச்சிடும் குழுவில் சேர்கிறான்; ஞானஸ்நானம் பெறுகிறான். மூன்றாம் வாழ்விலும் வண்டி தவறுகிறது. மேடையில் உடன் பயின்ற பெண் நிற்கிறாள். படிப்புக்குத் திரும்புகிறான், அவளை மணக்கிறான், நல்ல மருத்துவனாகிறான். கட்சியும் வேண்டாம், எதிர்ப்பும் வேண்டாம் என்று இருவர் தாளிலும் கையெழுத்திட மறுக்கிறான்.

மூன்று வாழ்விலும் அவன் பாரிஸ் செல்லும் விமானத்தை நோக்கி நகர்கிறான். முதல் முறை, நாட்டில் வேலைநிறுத்தம் வெடிக்கவே பயணம் நின்றுபோகிறது. இரண்டாம் முறை, உளவு சொன்னால்தான் கடவுச்சீட்டு என்கிறார்கள், அவன் மறுக்கிறான், பயணம் இல்லை. மூன்றாம் முறை, பேராசிரியருக்குப் பதிலாக வெளிநாட்டில் சொற்பொழிவாற்றப் புறப்படுகிறான். மனைவியின் பிறந்தநாளுக்காகப் பயண நாளை மாற்றி, பாரிஸ் வழியாகச் செல்லும் விமானத்தில் ஏறுகிறான். விமானம் மேலெழும்பியதும் வெடித்துச் சிதறுகிறது. படத்தின் முதற்காட்சியில் காரணமின்றி அலறிய முகத்துக்கு அப்போதுதான் காரணம் விளங்குகிறது.

கூடத்தில் விளக்கு எரிந்ததும் நாங்கள் விவாதித்தோம். விதியை வெல்ல முடியாது என்பதே படத்தின் கருத்து என்றார் ஒரு நண்பர். அரசியலில் ஒதுங்கி நின்றவனுக்கு இயக்குநர் தந்த தண்டனை அது என்றார் இன்னொருவர். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒதுங்கியவனைத் தண்டிப்பது நோக்கமாயின் அவனை இவ்வளவு அன்போடு படைத்திருக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் யோசித்தபின் எனக்குத் தோன்றியது வேறு. மூன்று வாழ்விலும் வேடம் மாறுகிறது, மனிதன் மாறவில்லை. கட்சியில் இருந்தாலும் வித்தேக் நேர்மையானவன். எதிர்ப்பில் இருந்தாலும் நேர்மையானவன். ஒதுங்கி இருந்தாலும் அவ்வாறே. எந்தப் பெட்டியில் ஏறுவான் என்பதை நாணயம் தீர்மானித்தது. ஏறிய இடத்தில் எப்படி நடப்பான் என்பதை அவனே தீர்மானித்தான். நியதி, தற்செயல், தன்விருப்பம் ஆகிய மூன்றுக்கும் இப்படத்தில் இடம் உண்டு. நாட்டின் ஆட்சி முறை நியதிபோல் நிற்கிறது. நாணயம் தற்செயலாய் உருள்கிறது. கையெழுத்திடுவதும் மறுப்பதும் மனிதனின் விருப்பமாய் எஞ்சுகிறது.

இப்படத்தின் தலைவிதியும் படத்தின் கதையைப் போன்றதே. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. படம் பெட்டிக்குள் முடங்கியது. 1987-இல்தான் வெளிவந்தது. அதே 1981-இல் கீஸ்லோவ்ஸ்கியின் தாய் கார் விபத்தில் இறந்தார். மழையில் நின்ற அந்தத் தாய், மகன் உலகப்புகழ் பெற்றதைக் காணவில்லை.

நீதிமன்றத்தில் ஒரு கேமரா

இராணுவச் சட்டக் காலத்தில், 1982-இல், அரசியல் வழக்குகளைப் படமெடுக்க அவர் அனுமதி பெற்றார். தண்டனை பெறுவோர் முகத்தையும் தருவோர் முகத்தையும் அருகருகே காட்டுவது அவர் நோக்கம். ஆனால் வியப்பான ஒன்று நேர்ந்தது. கேமரா இருக்கும் அறையில் நீதிபதிகள் சிறைத்தண்டனை விதிக்கத் தயங்கினர். அநீதியான தீர்ப்பைப் படிக்கும் தம் முகம் வருங்காலத்துக்குச் சாட்சியாவதை அவர்கள் விரும்பவில்லை. செய்தி பரவியது. எங்கள் வழக்குக்கும் வாருங்கள் என்று வழக்கறிஞர்கள் அழைக்கலாயினர். அவரும் இன்னொரு கேமராவை ஏற்பாடு செய்து அறைக்கு அறை ஓடினார். சில வேளைகளில் கேமராவுக்குள் படச்சுருளே இருக்காது! படம் ஒன்றும் தேறவில்லை; ஆனால் பலர் சிறை செல்லாமல் வீடு திரும்பினர்.

ரயில் நிலையத்தில் தம்மையறியாமல் உளவாளியாகியிருக்கக் கூடிய அதே கேமரா, நீதிமன்றத்தில் தம்மையறியாமலே காவலனாயிற்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முதல் நாள் நேர்ந்தது தற்செயல். மறுநாளும், அதற்கடுத்த நாளும், சுருளற்ற கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடியது தற்செயல் அன்று.

அங்கே அறிமுகமானவர்தான் கிறிஸ்டோஃப் பியெசியெவிச் என்ற வழக்கறிஞர். அதன்பின் அவர் எடுத்த கதைப்படங்கள் அனைத்தையும் இருவரும் சேர்ந்தே எழுதினர். பத்துக் கட்டளைகளைப் படமாக்கலாமே என்று ஒருநாள் இவ்வழக்கறிஞர் சொல்லப்போக, வார்சாவின் ஒரே குடியிருப்பைக் களமாகக் கொண்ட பத்துப் படங்களான 'டெக்கலாக்' தொலைக்காட்சிக்காக 1988–89-இல் உருவாயிற்று.

அதன் முதற்படத்தை நம் அறிவியல் மாணவர்கள் தவறாமல் காணவேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் கணினியில் கணித்துவிடலாம் என்று நம்புகிறார். ஏரியில் உறைந்த பனி தம் சிறுமகனின் எடையைத் தாங்குமா என்று கணக்கிடுகிறார். பலமடங்கு தாங்கும் என்கிறது கணினி. நல்ல தந்தையல்லவா? இரவில் தாமே ஏரிக்குச் சென்று பனிமேல் நடந்தும் பார்க்கிறார். மறுநாள் பனி உடைகிறது. மகன் மூழ்கி இறக்கிறான். கணக்கு தவறா, கடவுள் சினமா, எவரோ செய்த பிழையா? படம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி அமர்ந்திருக்கும் ஒரு மனிதன் பேசாமல் பார்க்கிறான். காரணங்கள் அனைத்தும் தெரிந்தால் விளைவும் தெரியும் என்பது நியதிவாதியின் நம்பிக்கை. கீஸ்லோவ்ஸ்கி அதை எள்ளி நகையாடவில்லை. அதன் விளிம்பில் நின்று அழுகிறார்.

புட்டியோடு நின்ற கிழவி

வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் பிரான்சிலும் படமெடுத்தார். ஒருவரையொருவர் அறியாத, உருவத்தில் ஒத்த இரு பெண்களின் கதையான 'வெரோனிக்கின் இரட்டை வாழ்வு' 1991-இல் வந்தது. பிரெஞ்சுக் கொடியின் மூன்று வண்ணங்களைத் தலைப்பாகக் கொண்ட 'நீலம்', 'வெள்ளை', 'சிவப்பு' ஆகியவை 1993, 1994 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 'நீலம்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கத்தைப் பகிர்ந்துகொண்டது; 'வெள்ளை' பெர்லினில் சிறந்த இயக்குநருக்கான விருதைப் பெற்றுத் தந்தது.

'சிவப்பு' அவருடைய இறுதிப்படம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அண்டை வீட்டாரின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு வாழ்கிறார். அவர் இளமையில் நிகழ்ந்தவை, அவரையறியாத ஓர் இளம் சட்ட மாணவனின் வாழ்வில் அச்சுப் பிசகாமல் மீண்டும் நிகழ்கின்றன. கைதவறி விழுந்த புத்தகம் விரிந்த பக்கத்திலிருந்தே தேர்வில் கேள்வி வருகிறது. நேசித்த பெண் ஏமாற்றுகிறாள். முடிவில் கப்பல் விபத்தொன்றில் மீட்கப்படும் ஒருசிலருள் மூன்று படங்களின் தலைமக்களும் இருக்கிறார்கள். தற்செயலா, யாரேனும் வகுத்த திட்டமா என்று நாம் திகைக்கிறோம்.

ஆனால் என்னைக் கவர்ந்தது கப்பல் அன்று, ஒரு கிழவி. கூனிய முதுகோடு, கண்ணாடிப் புட்டி ஒன்றைக் குப்பைக் கொள்கலத்தின் உயரமான துளைக்குள் திணிக்க முயன்றபடி, முதியவர் ஒருவர் மூன்று படங்களிலும் சில நொடிகள் வருகிறார். கை எட்டவில்லை. 'நீலம்' படத்தின் தலைவி துயரில் கண்மூடி அமர்ந்திருக்கிறாள், கிழவியைக் காணவேயில்லை. 'வெள்ளை' படத்தின் தலைவன் காண்கிறான்; இலேசாய்ச் சிரிக்கிறான்; எழவில்லை. 'சிவப்பு' படத்தின் தலைவி நடந்து சென்று புட்டியை உள்ளே தள்ளிவிடுகிறாள். அவ்வளவே. கிழவியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்துவது தற்செயல். எழுந்து போவதா, இருந்து பார்ப்பதா என்பது நம்முடையது. இத்தனை பெரிய தத்துவத்தை ஒரு காலிப் புட்டியில் அடக்கிவிட்டார் அந்த மனிதர்.

1994-இல், புகழின் உச்சியில், இனிப் படமெடுப்பதில்லை என்று அறிவித்தார். 1996 மார்ச் 13 அன்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின், தாம் பிறந்த வார்சாவிலேயே காலமானார். அப்போது வயது 54. அவரும் பியெசியெவிச்சும் திட்டமிட்ட கதை ஒன்றை ஜெர்மானிய இயக்குநர் டாம் டிக்வர் 2002-இல் படமாக்கினார். ஒரே ஓட்டத்தை மூன்று விதமாகக் காட்டும் 'ரன் லோலா ரன்' என்ற படத்தை 1998-இல் எடுத்தவரும் அவரே. வித்தேக்கின் ஓட்டம் நின்றுவிடவில்லை எனலாம்.

என் பேருந்து

இனி என் சொந்தக் காரணம். பள்ளி இறுதித் தேர்வு முடிந்த ஆண்டில் ஒரு நுழைவுத் தேர்வு எழுதப் புறப்பட்டேன். தேர்வு நடந்தது வேற்றூரில். அம்மா பேருந்து நிலையம்வரை வந்து, சன்னல் வழியே தண்ணீர்ப் புட்டி கொடுத்து வழியனுப்பினார். பாதிவழியில் பேருந்தின் டயர் வெடித்தது. நான் தேர்வு மையத்தை அடைந்தபோது வாயிற்கதவு மூடி நான்கு நிமிடங்கள் ஆகியிருந்தன. கெஞ்சினேன், கதவு திறக்கவில்லை. பிறகு இக்கல்லூரியில் வரலாறு பயில வந்தேன். எல்லாம் தலையெழுத்து என்றார் அப்பா. இரண்டு ஆண்டுகள் அந்த டயரையே சபித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அதே பேருந்தில் அதே தேர்வுக்கு வந்த இன்னொரு மாணவனும் இருந்தான். டயர் வெடித்த ஐந்தாம் நிமிடம் அவன் இறங்கி, சாலையில் வந்த ஒரு பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினான். இடம் இருக்கிறது, வா என்று என்னையும் அழைத்தான். பணம் கேட்பார்களோ, நடுவழியில் இறக்கிவிடுவார்களோ என்று தயங்கினேன். எப்படியும் டயரை மாற்றிவிடுவார்கள் என்று இருக்கையிலேயே இருந்துவிட்டேன். அவன் தேர்வு எழுதினான்.

டயர் வெடித்தது தற்செயல். உட்கார்ந்திருந்தது நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு போலந்துக்காரரின் படம் வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டபின் மனம் கனக்கும் என்று நினைத்தேன், மாறாக இலேசாயிற்று. எல்லாம் விதி என்றால் இனிச் செய்ய ஒன்றுமில்லை. பால் வண்டியில் ஏறாதது நான் என்றால், அடுத்த வண்டியில் ஏறப்போவதும் நானாக இருக்கலாம் அல்லவா? எல்லாம் நம் கையில்தான் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஏரிப்பனி உடைந்த வீட்டுத் தந்தையிடம் அப்படிச் சொல்வது கொடுமை. வரலாற்று மாணவனாகிய எனக்கு, படைகளும் பஞ்சங்களும் தனிமனிதர்களை எங்கெல்லாம் தூக்கி எறிந்தன என்பதும் தெரியும். ஆனால் எறியப்பட்ட இடத்தில் எழுந்து நின்றவர்களாலும் அதே வரலாறு நிறைந்திருக்கிறது.

இந்தத் துறைக்கு ஒரு டயர் என்னைக் கொண்டுவந்தது. இப்போது எவர் வந்து வேறு பாடம் தருகிறேன் என்றாலும் நான் போகமாட்டேன். முதுகலை வரலாற்றுக்கான நுழைவுத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முந்தின நாள் மாலையே புறப்பட்டுவிடுவதாக எண்ணம். வழியில் டயர் வெடித்தால் இறங்கிக் கைகாட்டுவேன்.